கண் படாமல் வைத்த மோட்டார்

போன மாதம் இரண்டு இளம் எஞ்சினியர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். பார்க்க வந்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள், பந்தி போட நேரம் இருந்ததால் என் வீட்டுக்குள் தலை நீட்டினார்கள். நான் ஆயுள் முழுக்க மோட்டாரோடு காலம் தள்ளியவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் சுவரில் ஒரு பெட்டியை மாட்டி, பித்தானை அமுக்கினால் போதுமாம். எந்த மோட்டாரும் எந்த வேகத்துக்கும் சொன்னபடி ஓடுமாம். "உங்க காலத்துல வேகத்தை எப்படி சார் கூட்டிக் குறைச்சீங்க?" என்று அதில் ஒருவர் கேட்டார்.

"சத்தம் போட்டுத்தான்" என்றேன்.

சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆயில் எஞ்சின் இருந்த காலத்தில் பெல்ட்டைச் சின்ன சக்கரத்திலிருந்து பெரிய சக்கரத்துக்குத் தள்ள ஓர் ஆள் நிற்பான். இங்கிருந்து "மெள்ள ஓட்டுலே!" என்று கத்த வேண்டும். எங்கள் ஆளுக்குக் காது மந்தம். அவனை அந்த வேலையில் வைத்ததே, எஞ்சின் இரைச்சல் அவனைத் தொந்தரவு செய்யாது என்பதற்காகத்தான். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இளைஞர்கள் என்னை விட்டுவிட்டு இலையை நோக்கி ஓடினார்கள். மீதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் தொழில் கற்ற கதையில் விசேஷம் இல்லை. பாபநாசத்து மின்சாரம் கம்பி வழியாக எங்கள் பக்கம் வந்த புதிதில், கரண்டு என்றாலே ஆட்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். நான் தள்ளி நிற்காததால் வயர்மேன் ஆனேன். பிறகு பரீட்சை எழுதி லைசென்சும் வாங்கினேன். மூன்று இடங்களில் திட்டு வாங்கி, நாலாவதாகச் சங்கரன்கோவிலில் சண்முகவேல் முதலாளியிடம் எலெக்ட்ரீசியனாகச் சேர்ந்தேன். அது ஐம்பதுகளின் தொடக்கம்.

முதலாளிக்குப் பருத்தி வியாபாரம், எண்ணெய் மில் என்று பல தொழில்கள். ஊரில் தெருவுக்குத் தெரு தறி. நெசவுக்கு முன்னால், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட வேண்டும். அதை மனிதர்கள் தெருவில் நீட்டிக் கட்டிச் செய்துகொண்டிருந்தார்கள். மெஷினில் கஞ்சி போட்டு, பாவைச் சுற்றியே கொடுத்துவிட்டால் என்ன என்று முதலாளிக்குத் தோன்றியது. எங்கோ மூடப்போன ஒரு மில்லிலிருந்து பழைய கஞ்சி மெஷின் ஒன்றை வாங்கி வந்து இறக்கினார். உருளைகள் இருந்தன, கஞ்சித் தொட்டி இருந்தது, நூலை உலர்த்த நீராவி உருளை இருந்தது. மோட்டார் மட்டும் இல்லை. மாப்பிள்ளை வராத கல்யாண வீடு மாதிரி இருந்தது அந்தக் கொட்டகை.

அதற்கு மோட்டார் தேர்ந்தெடுக்கத்தான் போர்மேன் ஆறுமுகம் பிள்ளை வந்தார். அவருக்குக் கீழே நான்.

பிள்ளைவாள் ஒல்லியான மனிதர். பேச்சும் ஒல்லி. அதற்கு முன் வேலை பார்த்த இரண்டு மில்லும் மூடிப்போய், இரண்டு தடவை வீட்டைக் காலி செய்தவர். மனைவி பார்வதி மதினியையும் பள்ளிக்கூடம் போகும் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் மில் குவார்ட்டர்சுக்கு வந்திருந்தார். "இன்னொரு தடவை பாத்திரத்தைச் சாக்குல கட்டச் சொன்னா நான் கிணத்துல குதிச்சிருவேன்" என்று வந்த அன்றே மதினி சொன்னதாக அவரே என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

வந்தவர் முதலில் மோட்டாரைப் பற்றிப் பேசவே இல்லை. மெஷின் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஆட்களை விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னார். வெறும் மெஷினைச் சுற்றினார்கள். நூலை மாட்டிச் சுற்றினார்கள். கஞ்சியை ஊற்றிச் சுற்றினார்கள். பிறகு சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, பருத்திக் கடையில் இரவல் வாங்கிய சுருள்வில் தராசை அதில் மாட்டி இழுத்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். மெதுவாக இழுத்துப் பார்த்தார், வேகமாக இழுத்துப் பார்த்தார். முள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நின்றது.

"பாத்தீரா வே" என்றார் என்னிடம். "தண்ணி இறைக்கிற பம்புன்னா வேகத்தைக் குறைச்சா பாரமும் குறைஞ்சிரும். இது குறையல. மெள்ளப் போனாலும் அதே இழுவை கேக்கு. இதை மறந்துட்டு மோட்டார் வாங்குனா நாம தொலைஞ்சோம்."

மெதுவாக ஏன் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். முதலாளியும் கேட்டார். பாவில் ஓர் இழை அறுந்தால் அதை எடுத்து முடிச்சுப் போட வேண்டும். அதற்காக மெஷினை நிறுத்தினால், சூடான உருளைமேல் கிடக்கும் நூல் கருகிவிடும். தொட்டியில் கிடக்கும் நூல் கஞ்சியில் ஊறிக் கட்டியாகிவிடும். நிறுத்தாமல் ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும். தடிமன் நூலென்றால் உலர்வதற்கே நேரம் பிடிக்கும். அன்று பகல் முழுக்க ஊரல்தான்.

முதலாளியின் தேர்வு முறை வேறு. அவருக்கு மோட்டார் என்றால் ஒரே கேள்விதான்: "எத்தனை குதிரை?" புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருந்த அவருடைய சம்பந்தி, தோட்டத்தில் ஒரு பம்பு மோட்டார் போட்டிருந்தார். அதைவிட ஒரு குதிரையாவது கூட இருக்க வேண்டும். மற்றதெல்லாம் பிள்ளைவாள் இஷ்டம்.

இந்தச் சமயத்தில் மதுரையிலிருந்து ஓர் ஏஜெண்டு வந்தார். கோட்டு, அத்தர், பளபளவென்ற படப் புத்தகம். அவர் காட்டியது ஸ்லிப் ரிங் என்ற வகை மோட்டார், கூடவே வேகத்தைக் குறைக்க ஒரு பெரிய ரெசிஸ்டன்ஸ் பெட்டி. பெட்டியின்மேல் பித்தளைக் கைப்பிடி. அதை ஒவ்வொரு படியாகத் திருப்பினால் வேகம் குறையும். முதலாளி படத்திலிருந்த கைப்பிடியை விரலால் தடவிப் பார்த்தார். பாதி வியாபாரம் முடிந்துவிட்டது.

பிள்ளைவாள் தொண்டையைச் செருமினார். "கைப்பிடியை மெதுவான படியில வச்சிருக்கேன். அப்ப பாரம் கொஞ்சம் கூடுது. உங்க மோட்டார் என்ன செய்யும்?"

"இன்னும் கொஞ்சம் மெதுவாகும்" என்றார் ஏஜெண்டு.

"பாரம் கொஞ்சம் குறையுது."

"கொஞ்சம் வேகமா ஓடும்."

"அப்ப வேகத்தை நான் வைக்கல. பாரந்தான் வைக்குது. நூல் ஒரு தடவை தொய்யும், ஒரு தடவை விறைச்சு அறும். அறுந்ததை முடியத்தான மெள்ளப் போறோம்?"

ஏஜெண்டு புத்தகத்தின் வேறு பக்கத்தைத் திருப்பினார். அதில் வேறொரு கைப்பிடி இருந்தது.

பிள்ளைவாள் எல்லாவற்றையும் எடை போட்டார். டி.சி. மோட்டார் இந்த வேலைக்கு நல்லது. ஆனால் நமக்கு வருவது ஏ.சி. கரண்டு, அதை மாற்றித் தர இன்னொரு மெஷின் வேண்டும். சாதா மோட்டாரைப் போட்டு, கூம்புச் சக்கரத்தில் பெல்ட்டை நகர்த்தி வேகத்தை மாற்றலாம். ஆனால் கஞ்சி ஆவியில் பெல்ட்டு ஈரமாகி வழுக்கும். கடைசியில் அவர் சொன்னது கம்யூட்டேட்டர் மோட்டார். சீமையிலிருந்து வர வேண்டும். ஒரு சிறு சக்கரத்தைத் திருப்பினால் உள்ளே கார்பன் பிரஷ்கள் இடம் மாறும், வேகமும் மாறும். வைத்த வேகத்தில் பிடித்து நிற்கும். பாரம் கூடினாலும் குறைந்தாலும் அதிகம் அசையாது. அதிலும் தேவையைவிட ஓர் அளவு பெரிய உடம்பாகக் கேட்டார். மோட்டாரின் தண்டிலேயே அதன் விசிறியும் இருக்கிறது. மோட்டார் ஊர்ந்தால் விசிறியும் ஊரும். இழுவை அதே இழுவை, காற்று மட்டும் குறைவு. சூடு ஏறும். அதற்காகத்தான் பெரிய உடம்பு. அதோடு, மோட்டாரை மேற்கு ஜன்னலுக்கு நேராக வைக்கும்படி தரையில் சுண்ணாம்பால் கோடும் போட்டார். மலைக்காற்று அந்த வழியாகத்தான் வரும்.

"இவ்வளவு செலவழிச்சு, ஓடலைன்னா?" என்றார் முதலாளி.

"ஓடலைன்னா நான் பெட்டியைக் கட்டிட்டுப் போயிருதேன் மொதலாளி."

சாதுவான மனிதர்கள் இப்படித்தான். வருஷக்கணக்கில் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் வீட்டையே வைத்துப் பந்தயம் கட்டுவார்கள்.

மோட்டார் வந்தது. ஓடியது. ஆகா, என்ன ஓட்டம்! சக்கரத்தைத் திருப்பத் திருப்ப எறும்பு மாதிரி ஊர்ந்தது, இந்தப் பக்கம் திருப்பினால் சிட்டாகப் பறந்தது. வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. நெசவாளிகள் பாவைத் தடவிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் கிடைக்காமல் சங்கடப்பட்டார்கள். பிள்ளைவாள் மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் நான் சந்தோஷம் பார்த்த முதல் நாள் அதுதான்.

அதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் முதலாளிக்கு மோட்டாரின்மேல் பிரியம் வந்துவிட்டது. பச்சைப் பெயிண்டு மினுங்க, யானைக்குட்டி மாதிரி நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "ஏயப்பா!" என்கிறார்கள். ஒவ்வோர் ஏயப்பாவுக்கும் முதலாளி மோட்டாருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். வாசுதேவநல்லூரிலிருந்து வந்த, நிலபுலன் உள்ள ஒரு பெரிய சம்சாரி, மோட்டாரைச் சுற்றி வந்து வாய் பிளந்து நின்றார். மறுநாள் முதலாளிக்குக் காலில் சுளுக்கு. அவ்வளவுதான். கண் பட்டுவிட்டது. இன்றைக்குக் காலில் பட்டது நாளைக்கு மோட்டாரில் படாதா?

கொத்தனார் வந்தார். மோட்டாரைச் சுற்றி நாலு பக்கமும் செங்கல் சுவர் எழும்பியது. மேலே பலகை. முன்னால் தேக்குக் கதவு, அதற்குப் பூட்டு, சாவி முதலாளியின் அரைஞாண் கயிற்றில். மேற்கு ஜன்னலைச் சுவர் மறைத்துவிட்டது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் மட்டும் ஓர் ஓட்டை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவில் எலுமிச்சை மாலை; பழம் சம்பந்தியின் மண்டியிலிருந்து.

"மொதலாளி, மோட்டாருக்குக் காத்து வேணும்" என்றார் பிள்ளைவாள்.

"ஏன், சாவி ஓட்டை இருக்குல்லா?"

வேகமாக ஓடிய நாட்களில் சமாளித்தது. பிறகு போர்வைக்கான தடிமன் நூல் வந்தது. பகல் முழுக்க ஊரல். அந்தச் செங்கல் அலமாரிக்குள் மோட்டார் வெந்தது. வார்னிஷ் வாடை வந்தது. உள்ளே கையை நீட்ட முடியாததால், பிள்ளைவாள் வெளிச்சுவரில் கையை வைத்துக் காய்ச்சல் பார்த்தார். சுவரே சுட்டது. கஞ்சி மெஷினை நிறுத்தி நிறுத்தி ஓட்டினோம், நூல் கருகியது, நெசவாளிகள் வந்து சத்தம் போட்டார்கள்.

பிள்ளைவாள் ஒவ்வொரு நாளும் போய் விளக்கினார். இழுவை என்றார், விசிறி என்றார், ஒரு நாள் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள் என்றார். முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, சூட்டுக்குக் காரணம் அலமாரி கட்டுவதற்கு முன்பே பட்ட கண்தான் என்று சொன்னார். பரிகாரமாக அலமாரியின்மேல் நனைந்த சாக்கைப் போர்த்தச் சொன்னார். இருந்த கொஞ்சம் இடுக்கும் அடைபட்டது.

"நானே பூட்டை உடைச்சிருதேன் சார்" என்றேன்.

"வேண்டாம் வே. உடைச்சா மோட்டாரு பொழைக்கும், நாம ரெண்டு பேரும் வெளிய நிப்போம்."

ஒரு நாள் முதலாளி எல்லா ஆட்களுக்கும் முன்னால் வைத்துச் சொன்னார்: "ஓய் பிள்ளைவாள், ஆடித்தபசுத் திருநாள் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள சூடு அடங்கலைன்னா, இதைத் தூக்கிப் போட்டுட்டு மதுரைக்காரர் மோட்டாரை மாட்டப் போறேன். நீரே சொன்ன வாக்கு, ஞாபகம் இருக்கும்லா?"

பிள்ளைவாள் தலையசைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரியான மோட்டாரைத் தேர்ந்தெடுத்த மனிதர் வீட்டை இழக்கப் போகிறார். அதற்குக் காரணம் ஒரு தேக்குக் கதவு. அன்று மாலை குவார்ட்டர்சுக்குப் போனேன். மதினி வாசலில் சாக்குகளை உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, உங்க சாரு தோத்துட்டாராமே?"

"அவர் தோக்கல மதினி. மொதலாளிக்கு எடுத்துச் சொல்ல முடியல."

"என்னத்த எடுத்துச் சொன்னாரு?"

இழுவை, விசிறி, காற்று எல்லாவற்றையும் நான் சொன்னேன். மதினி பாதியிலேயே குடத்தை எடுத்துக்கொண்டு நல்லதண்ணிக் கிணற்றுக்குப் போய்விட்டாள்.

ஆடித்தபசு வந்தது. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் சங்கரன்கோவிலில் திரண்டது. புளியங்குடிச் சம்பந்தியும் குடும்பத்தோடு வந்தார். தபசு முடிந்த மறுநாள் காலை, மில்லைப் பார்க்க வேண்டும் என்று உறவுக்காரர்கள் பத்துப் பேரோடு வந்து இறங்கினார். அன்றைக்குத்தான் பிள்ளைவாளின் கெடுவும் முடிகிறது. குவார்ட்டர்ஸ் வாசலில் சாமான் ஏற்ற மாட்டுவண்டி வந்து நின்றுவிட்டது.

சம்பந்தி அலமாரியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியதே கொட்டகை முழுக்கக் கேட்டது.

"தப்பா எடுத்துக்கிடாதீய சம்பந்தி. ஊர்ல ஒரு பேச்சு அடிபடுது."

"என்ன பேச்சு?"

"சீமை மோட்டார்லாம் வித்தாச்சாம். உள்ள பழைய ஆயில் எஞ்சின்தான் ஓடுதாம். அதான் கதவைப் பூட்டி வச்சிருக்கியளாம். வார வழியில ரெண்டு பேர் சொன்னாவ. எங்க வீட்ல பொம்பளையளும் சொல்லுதாவ. நான் நம்பல."

நம்பவில்லை என்று அவர் சொன்ன விதத்தில் முழுசாக நம்பியிருந்தார். முதலாளியின் முகம் கறுத்தது. அரைஞாணில் இருந்த சாவியை அவிழ்த்தார். கதவைத் திறந்தார். உறவுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருட்டு.

"ஏதோ பச்சையா தெரியுது" என்றார் சம்பந்தி.

"ஏதோவா? ஏலே, எவம்லே அங்கன! கடப்பாரையக் கொண்டா!"

கொத்தனார் ஒரு வாரம் கட்டிய சுவர், வெற்றிலை போடும் நேரத்தில் தரைமட்டமானது. முதல் இடியை முதலாளியே இடித்தார். செங்கல்லை அள்ளி வெளியே எறிந்தார்கள். மேற்கு ஜன்னல் திறந்துகொண்டது. ஆடிக்காற்று எங்கள் எல்லோர் வேட்டியையும் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தது. நடுவில் மோட்டார், செங்கல் தூசியோடு. தூசியை ஊதித் துடைத்து, பிரஷ்களை ஒரு தரம் பார்த்துவிட்டு ஓட்டினோம். பிள்ளைவாள் சக்கரத்தைத் திருப்பி ஊரலில் வைத்தார். தபசுக்கு வந்த கூட்டம் பாதி மில் வாசலில் நின்றது. மதியம் வரை ஊர்ந்தது. முதலாளி, சம்பந்தியின் கையைப் பிடித்து மோட்டாரின்மேல் வைத்தார்.

"சுடுதா?"

"இல்ல சம்பந்தி."

"எப்படிச் சுடும்? நாந் தேர்ந்தெடுத்த மோட்டாருல்லா!" பிறகு பிள்ளைவாளைக் காட்டினார். "இவருக்கு மொதல்ல தைரியமே இல்ல. நாந்தான், போடும் ஓய், ஓடலைன்னா நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன். என்ன பிள்ளைவாள்?"

நான் பிள்ளைவாளைப் பார்த்தேன். சொல்லுங்கள் சார், பத்துப் பேருக்கு முன்னால் உடைத்துச் சொல்லுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

"ஆமா. மொதலாளிதான் தேர்ந்தெடுத்தாக" என்றார் அவர்.

கண் படுவதைப் பற்றி யாரோ நினைவூட்டியபோது, ஒருத்தர் இரண்டு பேர் பார்த்தால்தான் ஆபத்து, இவ்வளவு கூட்டம் பார்த்தால் ஒருத்தர் கண்ணை இன்னொருத்தர் கண் முறித்துவிடும் என்று முதலாளி விளக்கம் கொடுத்தார். கெடுவைப் பற்றி யாரும் பேசவில்லை. "நாளைக்குப் போர்வை நூல் இன்னும் வருது, பிள்ளைவாள்" என்றார், அவ்வளவுதான்.

குவார்ட்டர்சுக்கு நடந்து வரும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "அப்படி ஏன் சார் சொன்னீங்க?" என்றேன்.

"மோட்டாரு ஓடுது. எம்மவ நாளைக்குப் பள்ளிக்கூடம் போவா. போதும் வே." வேட்டியில் ஒட்டிய செங்கல் தூசியைத் தட்டினார். பிறகு, "அந்தப் புரளியக் கிளப்புன புண்ணியவான் ஆருன்னு தெரிஞ்சா கால்ல விழலாம்" என்றார்.

வாசலில் மதினி மாட்டுவண்டியிலிருந்து பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"ஏட்டி, போகவேண்டாம்னு உனக்கு ஆரு சொன்னா?"

"சுவரு இடிஞ்ச சத்தம் இங்கன வரைக்கும் கேட்டுது." அவள் நிமிரவில்லை. "பத்து நாளா கிணத்தடியில நின்னு, உள்ள ஒண்ணுமில்லயாம் உள்ள ஒண்ணுமில்லயாம்னு சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் கட்டிப்போச்சு. இந்தக் குடத்தைப் பிடிங்க."

பிள்ளைவாள் மதினியின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்கு முன்பு அவர் தண்ணீர்க் குடம் தூக்கி நான் பார்த்ததே இல்லை.